பார்க்கலாம், சந்திக்கக் கூடாது

கப்பலில் இருந்து கரையிறங்குகிற பயணி எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரையும் சந்திக்கக் கூடாது. கப்பல் விருந்தினர் கரையிறங்கல் ஒழுங்கு வாரியத்தின் முதல் விதி இதுதான். இந்த ஒரு வரியை எழுதுவதற்காக வாரியத்தின் உறுப்பினர்கள் குடும்பம் குடும்பமாகப் பல கடற்கரை ஊர்களில் போய்த் தங்கி ஆய்வு செய்தார்கள். அங்கெல்லாம் அவர்கள் யாரைச் சந்தித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பார்த்ததாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

வாரியத்தின் தூத்துக்குடிக் கிளைக்கு அலுவலர் குமரகுருபரன். பாளையங்கோட்டைக்காரர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில், வாய் நிறையச் செந்தமிழ். ஒரு நாள் காலையில் நர்சரிப் பள்ளிக் குழந்தைகள் ஒரு கயிற்றில் கட்டிய வளையங்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பதைப் பார்த்தார். மற்றவர்கள் பார்த்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். இவர் அலுவலகம் போனதும் வாரியத்துக்கு எழுதினார். மறு கப்பல் வருவதற்குள் பச்சை நைலான் கயிறு வந்துவிட்டது. பயணிக்கு ஒரு வளையம், வளையத்துக்கு ஒரு எண். கரையில் கால் வைத்தது முதல் திரும்பக் கப்பலில் கால் வைக்கும்வரை வளையத்தை விடக் கூடாது. விட்டவர் தப்பியோடியவர். கழிப்பறைக்குப் போவதற்குத் தனி வழிமுறை உண்டு. அதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கயிற்றின் கடைசி வளையத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தவர்தான் சேக் முகம்மது.

சேக் முகம்மது சேரன்மகாதேவியில் பிறந்தவர். மீசை அரும்புகிற வயதில் பினாங்குக்குப் போனார். சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசினார். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள், கடைசியில் அங்கேயே குடியுரிமை. ஊரில் அவருக்குக் கூடப்பிறந்தவள் என்று மிச்சமிருந்தது அக்கா மஹ்மூதா பீவி மட்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு அக்காவிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பில் "என்னத்தத் தின்ன?" என்பாள். அறுபது தாண்டிய தம்பி, காலையில் இருந்து தின்றதை ஒன்று விடாமல் ஒப்பிக்க வேண்டும். ஒன்றும் தின்னவில்லை என்றால் அரை மணி நேரம் ஏச்சு விழும்.

போன வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பார்க்க வருவதற்கு விசா கேட்டார் சேக் முகம்மது. உறவினரைச் சந்திக்கும் விசாவுக்கு அந்த உறவினரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அக்கா பெருவிரலை உருட்டி அனுப்பினாள். கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் ரேகை இருக்கிறது என்று திருப்பினார்கள். இடது கையால் கோணல்மாணலாக எழுதி அனுப்பினாள். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அதையும் திருப்பினார்கள். பழைய கையெழுத்துப் போட்ட கை போர்வைக்கு அடியில் அசையாமல் கிடந்தது. அந்த விவரத்தை எழுதுவதற்கு அவர்கள் கட்டம் வைக்கவில்லை.

கடைசியில் பினாங்கில் ஒரு டிராவல்ஸ்காரர் வழி சொன்னார். உல்லாசக் கப்பலில் போனால் தனியாக விசா வேண்டாம். தூத்துக்குடியில் காலையில் இறக்கிச் சுற்றிக் காட்டிவிட்டுச் சாயங்காலம் ஏற்றிவிடுவார்கள். தாமிரபரணிச் சுற்றுலாவுக்குப் பதிந்தால் பஸ் சேரன்மகாதேவி வழியாகத்தான் போகும். நீச்சல் குளமும் பாட்டுக் கச்சேரியும் உள்ள அந்தக் கப்பலில் சேக் முகம்மது தனியாளாக, கொறிப்பதற்குக்கூட எதையும் எடுக்காமல், கடலைப் பார்த்தபடி வந்தார்.

கப்பல் தூத்துக்குடியில் கட்டிய காலையில் அக்கா மகள் அஸீலாவின் போன் வந்தது.

"மாமா, உம்மா மவுத்தாயிட்டாவ. சுபுஹு பாங்கு சொல்லும்போது ரூஹு பிரிஞ்சுது. நீங்க வாரியன்னு ராத்திரி பூரா வாசலயே பாத்துக்கிட்டு கெடந்தாவ."

சேக் முகம்மது கப்பலின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஜும்ஆ முடிஞ்சு அடக்கம்னு ஜமாஅத்துல சொல்லிட்டாவ. உம்மாக்குக் கூடப்பொறந்த ஆளுன்னு நீங்க ஒராளுதான் இருக்கிய. வந்துருவியள்லா மாமா?"

"வந்துருதேன் தாயி. தூத்துக்குடியிலதான் நிக்கேன். நான் வராம மூஞ்சிய மூடிராதிய."

துறைமுகத்துக் கூடத்தில் குமரகுருபரன் ஆளாளுக்கு வளையம் கொடுத்துக்கொண்டிருந்தார். சேக் முகம்மது விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். குமரகுருபரன் எழுந்து நின்று, பேனாவை மூடி வைத்து, உரிய மரியாதையோடு கேட்டார்.

"ஆழ்ந்த இரங்கல்" என்றார். "எனக்கும் அக்கா உண்டு. வாரியத்துக்கும் இதயம் உண்டு. இப்ப விதி என்ன சொல்லுதுன்னு பாருங்க. நீங்க உறவினரைச் சந்திக்கக் கூடாது. ஆனா காலமானவங்கள யாராலயும் சந்திக்க முடியாது. ஆக, நீங்க சந்திக்கப் போகல. பார்க்கத்தான் போறீங்க. பார்க்கிறதுக்குத் தடையே கிடையாது!"

சேக் முகம்மது அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுங்க. பார்க்கிறதுன்னா, பார்க்க வேண்டிய இடங்கள்னு வாரியம் ஒரு பட்டியல் போட்டிருக்கு. அதுல அல்வா இருக்கு, பாய் இருக்கு, ஆறு இருக்கு. உங்க அக்கா இல்ல."

"சார், ஒரு டாக்சி புடிச்சு நான் ஓடிப்போயிட்டு வந்துருதேன். கப்பலு கெளம்புததுக்குள்ள வந்துருவேன் சார்."

"தனியாப் போனா நீங்க தப்பியோடியவர். உங்கள வீட்டுல சேத்துக்கிட்டவங்க அடைக்கலம் குடுத்தவங்க. வழக்கு உங்க மேல இல்ல, அவங்க மேல வரும். வீட்டுல யாரு இருக்கா?"

வீட்டில் அஸீலா இருந்தாள். அவள் மாப்பிள்ளை தாஜ் முகம்மது இருந்தான். அரபு நாட்டுத் தம்மாமில் வேலை, லீவில் வந்திருக்கிறான், அடுத்த மாதம் திரும்ப வேண்டும். வழக்கு என்று வந்தால் முதலில் பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பார்கள். வீட்டுக்கு அடுப்பெரிவது அந்தப் பாஸ்போர்ட்டால்தான். சேக் முகம்மது கடைசி வளையத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு முந்தைய வளையத்தில் ஹெலன் என்ற ஆஸ்திரேலிய அம்மாள் இருந்தாள். தலை நரைத்து, கழுத்தில் நீலச் சால்வை சுற்றியிருந்தாள். ஏன் அழுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சிஸ்டர் என்றார், டுடே என்றார். அவள் கயிற்றைப் பிடிக்காத கையால் அவர் முழங்கையைத் தொட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் ஓட்டுநர் கைலாசம். வழிகாட்டி நித்யா, திருநெல்வேலி டவுன் பெண், இந்த வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. குமரகுருபரன் முன் இருக்கையில் கயிற்றின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சேக் முகம்மது பின்னிருக்கையில் இருந்து ஓட்டுநருக்குக் கேட்கும்படி, கொஞ்சம் வெரசாப் போங்கண்ணாச்சி என்றார். கைலாசம் வெரசாகத்தான் போனார். வல்லநாடு மலை வந்ததும் பின்னால் போனதும் தெரியவில்லை. ஆனால் நிகழ்ச்சி நிரல் என்று ஒன்று இருக்கிறதே.

திருநெல்வேலியில் வரவேற்பு நிகழ்ச்சி. ஒரு மண்டபத்து வாசலில் நாதசுரக் கோஷ்டி தயாராக நின்றது. பயணிகளைக் கயிற்றோடு வரிசையாக நிறுத்திச் சந்தனம் பூசினார்கள், கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டார்கள். சேக் முகம்மது வேண்டாம் வேண்டாம் என்று தலையைப் பின்னால் இழுத்தார். மாலை போட வந்த பெண் அதை வெட்கம் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னொரு மாலையையும் சேர்த்துப் போட்டாள். அக்கா குளிப்பாட்டிக் கிடத்தப்பட்டிருந்த நேரத்தில் தம்பி இரட்டை மாலையோடு நின்றார்.

அடுத்து, பயணிகளுக்குத் தமிழ் கற்பித்தல். குமரகுருபரன் மைக்கைப் பிடித்தார். "வணக்கம். எல்லாரும் சொல்லணும். வ-ணக்-கம்." வனக்கம், வானக்காம் என்று பல விதமாக வந்தது. ஒவ்வொருவரிடமும் மைக்கை நீட்டித் திருத்தினார். கடைசி வளையத்துக்கு வந்தார்.

"சார், நேரமாகுது சார். அங்க குளிப்பாட்டி வச்சிருக்காவ சார்."

"முதல்ல வணக்கம் சொல்லுங்க."

"வணக்கம்."

குமரகுருபரன் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, "கேட்டீங்களா? ஒரு வெளிநாட்டவர் வாயில நம்ம தமிழ் எப்படி வருதுன்னு கேட்டீங்களா? ணகரம் சுத்தமா விழுதே!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சிறந்த உச்சரிப்புக்கான பரிசாகச் சேக் முகம்மதுக்கு ஒரு சின்ன நெல்லையப்பர் தேர் பொம்மையைக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் அல்வா. கடையில் வாங்கித் தின்றுவிட்டுப் போகிற சமாச்சாரம் என்று நீங்கள் நினைக்கலாம். வாரியம் அதை அல்வா அனுபவம் என்கிறது. அனுபவம் என்றால் ஒவ்வொரு பயணியும் கிண்ட வேண்டும். பெரிய தாம்பாளம் போன்ற சட்டியில் கோதுமைப் பால் கொதித்துக்கொண்டிருந்தது. பயணி ஒருவர் துடுப்பைப் பிடித்துக் கிண்டுவார், அவரைப் படம் எடுப்பார்கள், அடுத்தவர் வருவார். நெய் பிரிந்தால்தான் அனுபவம் பூர்த்தி. மாஸ்டர் சேக் முகம்மதின் முகத்தைப் பார்த்துவிட்டு, பாய்க்கு ஒடம்பு சரியில்லையோ என்று நித்யாவிடம் கேட்டார். நித்யா பைய விஷயத்தைச் சொன்னாள். மாஸ்டர் சட்டியைப் பார்த்தார், குமரகுருபரனைப் பார்த்தார்.

"சார், நெய்யி பிரிஞ்சிட்டு" என்றார்.

"பிரியலயே?" குமரகுருபரன் குனிந்து பார்த்தார். "எனக்கு அல்வா தெரியாதா? நான் டவுன்ல பெண் எடுத்தவன்."

நெய் பிரிகிறவரை நின்றார்கள். இலையில் வைத்துக் கொடுத்த துண்டைச் சேக் முகம்மது தின்னவில்லை. அவருடைய முறை வந்தபோது மட்டும், யாரும் சொல்லாமலே துடுப்பை வாங்கி வெறி பிடித்தவர்போலக் கிண்டினார். சீக்கிரம் கிண்டினால் சீக்கிரம் பிரியும் என்று நினைத்திருக்கலாம். படம் எடுத்தவருக்கு அந்தப் படம்தான் மிகவும் பிடித்திருந்தது.

ஜும்ஆ முடிந்துவிட்டது. பஸ் பேட்டையைத் தாண்டும்போது போன் வந்தது. வெள்ளிக்கிழமை, அதே நேரம், அதே எண். ஒரு கணம் அவருக்கு எல்லாமே மறந்துபோய், அக்கா என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கம் அஸீலா அழுதாள். "மாமா, எங்கன வாரிய? ஜனாஸா தொழப் போறாவ."

"பேட்டை தாண்டியாச்சு தாயி. செத்த நேரம் நிறுத்தச் சொல்லு. மாப்பிள்ளட்ட சொல்லு, காலப் புடிச்சுக் கேக்கேன்னு சொல்லு."

"சொல்லுதேன் மாமா. ஆனா வெயிலு... ரொம்ப நேரம் வைக்கப்பிடாதுங்கிறாவ."

பத்தமடையில் பஸ் நின்றது. பட்டுப்போல மடிகிற கோரைப்பாய் நெய்கிற ஊர். பாயைக் காட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் பாயின் அருமை படுத்தால்தான் தெரியும் என்று வாரியம் முடிவு செய்திருந்தது. கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்திருந்தார்கள். ஒவ்வொருவரும் வளையத்தைப் பிடித்தபடியே மல்லாந்து படுத்துக் கண்ணை மூட வேண்டும். பின்னணியில் புல்லாங்குழல் போடுவார்கள்.

"நான் படுக்க மாட்டேன்" என்றார் சேக் முகம்மது. அன்றைக்கு அவர் கோபமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "எங்கக்காவ அங்கன பாயில கெடத்தியிருக்கு. நான் இங்கன படுக்க மாட்டேன்."

"நீங்க படுக்கலன்னா அனுபவம் ஆரம்பிக்காது. ஆரம்பிக்கலன்னா முடியாது. முடியலன்னா பஸ் எடுக்க முடியாது. நான் உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்" என்றார் குமரகுருபரன்.

சேக் முகம்மது படுத்தார். புல்லாங்குழல் ஊதியது. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க ஒரு கைதான் இருந்தது. ஹெலன் பக்கத்துப் பாயில் கண்ணை மூடாமல், விதியை மீறி, அவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். போன் சட்டைப் பைக்குள் அடித்து அடித்து நின்றது.

குமரகுருபரனைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். புல்லாங்குழல் முடிந்ததும் அவரே கைகொடுத்துச் சேக் முகம்மதைத் தூக்கிவிட்டார். "என்னத் தப்பா நினைக்காதீங்க. போன கப்பல்ல ஒரு பயணிக்கு நெஞ்சுவலி வந்துச்சு. அப்பவும் குழுவ நான் கலைக்கல. மொத்தக் குழுவையும் கயிறோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வாரியத்துல பாராட்டுக் கடிதமே குடுத்தாங்க" என்றார். அந்தப் பயணி என்ன ஆனார் என்று நித்யா கேட்டாள். அது கடிதத்தில் இல்லை என்றார்.

இதைக் கேட்டதும்தான் நித்யாவுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். பஸ் புறப்பட்டதும் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே முன்னால் போனாள்.

"சார், வழியில தற்செயலா நடக்குற உள்ளூர்ப் பண்பாட்டு நிகழ்ச்சிய, குழு முழுசும் விரும்பினா சேத்துக்கிடலாம்னு இருக்கு சார்."

"இருக்கு. நான்தான் எழுதினேன்."

"சேரன்மகாதேவில ஒரு அடக்கம் நடக்குது சார்."

குமரகுருபரன் யோசித்தார். "அதுல கரகாட்டம் உண்டா?"

"இல்ல சார்."

"மேளம்?"

"கிடையாது சார்."

"ஒண்ணுமே இல்லாம அது எப்படிம்மா பண்பாட்டு நிகழ்ச்சி ஆகும்?"

ஸ்டியரிங்கில் இருந்த கைலாசம் திரும்பாமலே சொன்னார்: "சார், மனுசன் செத்தா நாலு பேரு கூடி மண்ணு போடுதோம்லா. அதவிட என்ன பண்பாட்டக் கண்டிய?"

குமரகுருபரனுக்கு இந்த வாதம் பிடித்திருந்தது. அவருக்கு மேற்கோள் காட்டத் தகுந்த எதுவும் பிடிக்கும். வாக்கெடுப்பு நடத்தச் சொன்னார். நித்யா மைக்கில் பயணிகளிடம் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னாள். காலையில் இருந்து பின்னிருக்கையில் அழுதுகொண்டு வருகிறவர் யார், ஏன் என்று அப்போதுதான் பஸ்ஸுக்குத் தெரிந்தது. பிறகு வளையம் இல்லாத கைகள் எல்லாம் உயர்ந்தன. சிலர் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றினார்கள்.

"ஆற்றுக் காட்சிக்கு ஒதுக்கின நேரத்துலதான் இது. விசில் அடிச்சா வந்துரணும்" என்றார் குமரகுருபரன்.

சேரன்மகாதேவிப் பள்ளிவாசலை அடுத்து மையவாடி, அடக்கம் செய்கிற இடம். பஸ் நின்றபோது உள்ளே கூட்டம் கபுர்க் குழியைச் சுற்றி நின்றிருந்தது. தாஜ் முகம்மது வாசலுக்கு ஓடி வந்தான். ஒரு கயிற்றில் கோத்த வெள்ளைக்காரர்களையும் அதன் கடைசியில் சந்தனம் பூசிய மாமாவையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"இறக்கியாச்சா?" என்றார் சேக் முகம்மது.

"இப்பந்தான் மாமா. பலகையும் வச்சாச்சு. மண்ணு தள்ளாம நிக்கோம். உங்களுக்காவத்தான்."

முகம் பார்க்க முடியாது. அது முடிந்துபோயிற்று. இனி இருப்பது அந்த மண் மட்டும். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அடக்கத்துக்குப் போனால் கபுரில் மூன்று பிடி மண் அள்ளிப் போடுவார்கள். பிடிக்கு ஒரு வசனம் உண்டு. முதலாவது, மண்ணிலிருந்து படைக்கப்பட்டதற்கு. இரண்டாவது, மண்ணுக்கே திரும்பியதற்கு. மூன்றாவது, அதிலிருந்து மறுபடி எழுப்பப்படுவதற்கு. கூடப்பிறந்தவன் அதைப் போடாமல் போனால் கடைசிவரை நெஞ்சு ஆறாது.

சேக் முகம்மது உள்ளே பாய்ந்தார். கயிறு இழுத்து நிறுத்தியது. ஜமாஅத்தில் ஒரு பெரியவர் கையை நீட்டி, "பொம்பளையாளுவ மையவாடிக்குள்ள வரப்பிடாது" என்று சொல்லியிருந்தார். ஹெலன் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் சேக் முகம்மதுக்கும் நடுவில் இருந்த கயிறு ஒரு முழம். கபுரோ வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம்.

"அந்தம்மாவ மாத்தி ஒரு ஆம்பளய நிறுத்துங்க சார்" என்றான் தாஜ் முகம்மது.

"வளையத்துக்கு எண் இருக்கு. மாத்த முடியாது."

"அப்பம் அவுத்து விடுங்க சார். ஒரு நிமிசம்!"

"விட்டா அவர் தப்பியோடியவர். நீங்கதான் அடைக்கலம் குடுத்தவரா? பேரு என்ன?"

தாஜ் முகம்மது பின்வாங்கினான். கூட்டத்தில் யாரோ சொன்ன அவன் பெயரைக் குமரகுருபரன் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். சேக் முகம்மது கயிற்றின் முனையில் நின்று, தன் ஊரில், தன் அக்காவின் கபுருக்குக் கூப்பிடு தூரத்தில், கட்டிப்போட்ட கன்றுக்குட்டி போலத் தவித்தார். யா அல்லாஹ் என்று கத்தினார். உள்ளே நின்றவர்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஹெலன் கழுத்தில் இருந்த நீலச் சால்வையை உருவினாள். தன் வளையத்தில் ஒரு முனையைக் கட்டினாள். மறுமுனையைச் சேக் முகம்மதின் வளையத்தில் கட்டி, நடுவில் இருந்த நைலானைத் தன் பையில் இருந்த கத்தரியால் வெட்டினாள். பின்னால் நின்றவர் தன் காமிரா வாரை நீட்டினார். ஒருத்தி துப்பட்டா தந்தாள், இன்னொருவர் பெல்ட்டைக் கழற்றினார். கைலாசம் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து முடிச்சுப் போட்டார். ஆளுக்கொரு முடிச்சாக அது நீண்டுகொண்டே போனது.

குமரகுருபரன் ஓடி வந்து முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, சிந்தனைதான் இருந்தது. "கயிறு என்பது கயிற்றோடு இணைக்கப்பட்டதையும் குறிக்கும்னு எடுத்துக்கலாம். இது நல்ல முன்னுதாரணம். வாரியத்துக்கு எழுதணும்" என்றார். எழுதுவதற்குப் பேனாவையும் எடுத்துவிட்டார்.

சேக் முகம்மது இடது கையில் வளையத்தோடு கபுருக்குப் போனார். வாசலில் ஹெலனும் மற்றவர்களும் கையை எட்டிய மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு நின்றார்கள். கூட்டம் வழிவிட்டது. அவர் மண்டியிட்டார். வலது கையால் ஒரு பிடி அள்ளினார், வசனத்தைச் சொல்லிப் போட்டார். பலகை மேல் மண் விழுகிற சத்தம் கேட்டது. "அக்கா, வந்துட்டேன்" என்றார். இரண்டாவது பிடி போட்டார். மூன்றாவதை அள்ளினார்.

விசில் அடித்தது.

ஆற்றுக் காட்சியின் நேரம் முடிந்திருந்தது. நேரத்தில் குமரகுருபரனை யாரும் குறை சொல்ல முடியாது. வாசலில் அவர் கயிற்றின் தலைப்பைச் சுண்டி இழுத்தார். வாரும், பெல்ட்டும், துண்டும், சால்வையும் வரிசையாக விறைத்தன. மண்டியிட்டிருந்தவர் மல்லாக்க விழுந்தார். எழுவதற்குள் இரண்டு முழம் இழுபட்டிருந்தார். தாஜ் முகம்மது தூக்கிவிட்டான். வளையத்தை உதறிவிட்டு ஓடிப்போய்ப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் விரலைத் தளர்த்தினார். அப்போது தாஜ் முகம்மதின் முகம் கண்ணில் பட்டது. விரலை மறுபடி மூடிக்கொண்டார். மூன்றாவது பிடி மண் வலது கைக்குள்ளேயே இருந்தது.

திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயணம் எப்படி இருந்தது என்று நட்சத்திரம் போடச் சொல்லி அட்டை கொடுத்தார்கள். ஹெலன் தன்னுடையதையும் அவருடையதையும் சேர்த்துக் கிழித்து ஜன்னல் வழியாக எறிந்தாள். குப்பை போட்டதற்காக அவளுக்கு எச்சரிக்கை கிடைத்தது.

துறைமுகத்தில் வளையங்களைத் திரும்ப எண்ணி வாங்கினார் குமரகுருபரன். கடைசி வளையத்தை வாங்கும்போது, மூடிய கையைக் கவனித்தார்.

"கையில என்ன?"

"மண்ணு."

"என்ன மண்ணு?"

"எங்கக்கா கபுருக்குப் போட வேண்டியது. நீங்க விசில் அடிச்சிட்டிய."

குமரகுருபரன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நீங்க சொல்லியிருக்கலாமே" என்றார். "இப்ப சிக்கல் ஆயிப்போச்சு பாருங்க. இந்த நாட்டு மண்ண வெளிநாட்டவர் வெளியே கொண்டுபோக முடியாது. கிருமி, பூச்சி, எவ்வளவோ இருக்கு."

"எனக்குக் கொண்டுபோவாண்டாம் சார். இந்தப் பிள்ளைட்ட குடுத்துருதேன்." சேக் முகம்மது நித்யாவைக் காட்டினார். "அது ஊருக்குத்தான போவுது. போற வழியில போட்டுரும்."

நித்யா முன்னால் வந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். "நான் கண்டிப்பாப் போட்டுருதேன்யா. இன்னைக்கே போயிருதேன்."

"அது முடியாதும்மா. பயணி கையில இருந்து எடுத்தா அது பறிமுதல் செஞ்ச பொருள். பறிமுதல் செஞ்சத வெளிய குடுத்தா என் வேலை போயிரும்."

பயணிகள் வரிசை நகரவில்லை. கப்பல் ஒருமுறை ஊதியது. குமரகுருபரன் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தார். சேக் முகம்மது பையைப் பார்த்தார். அடித்தால்கூடக் கையைத் திறந்திருக்க மாட்டார். ஆனால் அடுத்த வரிசைக்குப் பின்னால் போலீஸ்காரர் ஒருவர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குமரகுருபரனின் மேசையில் தாஜ் முகம்மதின் பெயரை எழுதிய தாள் கிடந்தது. சேக் முகம்மது மூன்றாவது வசனத்தை வாய்க்குள் சொன்னார். கையைத் திறந்தார். வியர்வையில் கட்டியாகிப்போயிருந்த மண், விரல் தடத்தோடு, பைக்குள் விழுந்தது.

பறிமுதலுக்கான சீட்டு அச்சாகி வரவில்லை. அதனால் பயணிகளுக்கான சீட்டையே எடுத்து மண்ணுக்காக நிரப்பினார் குமரகுருபரன். சுத்தமான ஆள், எதையும் காலியாக விட மாட்டார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"பெயர், மண். பிறந்த ஊர்..." என்று நிறுத்தி, பையைப் பார்த்தார். "சேரன்மகாதேவி." பிறகு சேக் முகம்மதின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு வியந்துபோனார். "அட, உங்களுக்கும் அதே ஊர்தானா! குடியுரிமை... இது இந்தியா. எத்தனை நாள் தங்கலாம்..."

அங்கே பேனா நின்றது. சேக் முகம்மது அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளு சார் இருக்கலாம்?"

"இது இந்த நாட்டு மண்ணு வே" என்றார் குமரகுருபரன். தன்னை அறியாமல் வந்த பாளையங்கோட்டைப் பேச்சு அது. "இதுக்கு என்ன கணக்கு? இருக்க வேண்டியதுதான். காலம் பூரா."

எழுதி, முத்திரை குத்தி, பையை அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு சங்கு, கொஞ்சம் கருப்பட்டி, ஒரு முருங்கைக் கம்பு எல்லாம் இருந்தன.

கப்பலின் படியில் சீருடை அணிந்த பெண் ஒருத்தி, திரும்பி வருகிற ஒவ்வொரு பயணிக்கும் கை துடைக்க வாசனைத் தண்ணீரில் நனைத்த துண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். சேக் முகம்மதின் வலது கையைப் பார்த்துவிட்டு இரண்டு துண்டுகளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சாப்பாட்டுக் கூடம் திறந்துவிட்டது, இன்றைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவள் சிரித்த முகத்தோடு கேட்டாள்.

அவர் மேலே ஏறி, கரை தெரிகிற பக்கமாகப் போய் நின்றார். சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார். எண் எதையும் அழுத்தவில்லை.

"ஒண்ணும் திங்கல அக்கா" என்றார். "காலையில இருந்து ஒண்ணும் திங்கல. என்னய ஏசு."